கச்சானும் சிவப்புக் குமிழும்

சிறிய விமானத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது பெரிய வித்தை அல்ல. உயரத்துக்குப் போய் நேராகப் பறக்கத் தொடங்கியதும், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கும் சிவப்புக் குமிழை மெல்ல மெல்ல வெளியே இழுக்க வேண்டும். எஞ்சின் இருமத் தொடங்கும். உடனே ஒரு நூல் அளவு உள்ளே தள்ள வேண்டும். அந்த ஒரு நூலில் எனக்குக் கை தேர்ந்திருந்தது. பெருமையாகவே சொல்கிறேன்.

நானும், விமானம் ஓட்ட என்னோடு ஒன்றாகப் படித்த கூட்டாளியும், கொழும்பு முதலாளி ஒருவரின் நான்கு இருக்கை விமானத்தில் காலையில் மட்டக்களப்புக்குப் பயணிகளைக் கொண்டுவருவோம்; பின்னேரம் திரும்புவோம். இங்கே அந்த எஞ்சினுக்கான பெட்ரோல் கிடைக்காது. போகவர இரண்டுக்கும் கொழும்பிலேயே நிரப்ப வேண்டும். ஆனி பிறந்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"ஒருத்தருக்குத்தான் நிரந்தர வேலை. ஆவணி முடியட்டும். ஆர் குறைய எரிச்சிருக்கிறீங்களெண்டு பார்ப்பன்."

யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில்தான் அந்தப் பயணத்தின் பெட்ரோல் பதியப்படும்.

அன்றைக்கே கூட்டாளி சொன்னான்: "மச்சான், வரக்குள்ள நான் ஓட்டுறன். இறங்கினாப் பிறகு பிளேனைக் கட்டுறது, பெட்ரோல் தாங்கி அளக்கிறதெல்லாம் ஓட்டினவன்ட வேலைதானே. நீ வீட்ட போய் அம்மாட கையால சாப்பிட்டுட்டு வா. மறுகா திரும்பக்குள்ள நீ ஓட்டு."

என் வீடு குருக்கள்மடத்தில். மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். அவன் ஊர் கதிரவெளி. போய்வர நேரம் காணாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பரம்பரை நாங்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அவனுக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கட்டித் தந்தார். நானோ ஒருபடி மேலே போய், அவன் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து சிவப்புக் குமிழையும் நானே இழுத்துக் கொடுத்தேன்.

ஆனி, ஆடி, ஆவணி எங்களுக்குக் கச்சான் காலம். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, கொழும்பிலிருந்து வருகிறவனை முதுகில் தள்ளிவிடும். திரும்புகிறவனை நெஞ்சில் கைவைத்து மறிக்கும். வேகத்தைக் குறைத்தேன், முடிந்தவரை தாழப் பறந்தேன். என்ன செய்தும் அவனைவிடக் கூடத்தான் எரிந்தது. முதலாளியிடம் விளக்கிச் சொல்லலாம், கூட்டாளியும் ஆமென்பான் என்று இருந்தேன்.

ஆவணி முடிந்தது. இருவரும் முதலாளி முன்னால் நின்றோம்.

"திரும்பக்குள்ள கச்சான் எதிர்க்காத்து, சேர். அதுதான் கூட" என்றேன்.

முதலாளி அவனைப் பார்த்தார். "அப்பிடியா?"

கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுவான்.

"காத்து ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே, சேர்" என்றான். "அவனுக்குக் குமிழ்ல கொஞ்சம் கை பதறும்."

ஓங்கி அறைந்திருக்கலாம். அறையவில்லை என்ற ஆத்திரம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் அவன் என்னை வீட்டுக்கு அனுப்பியது நான் சாப்பிடுவதற்காக அல்ல என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது.

வேலை போய்விட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டார்:

"அப்ப அந்தப் புள்ளைக்கு இனிப் பகல் சோறு ஆருடா மகன் குடுப்பாங்க?"