அலுமாரிக்குள் வளர்ந்த பயறு

இரண்டு ஜாம் போத்தல்கள் என் நினைவில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. உண்மையில் அவை அப்படி நின்றது ஒரே ஒரு நாள்தான். ஒன்று ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மற்றது, ஃபாதரின் பூசை உடுப்புகள் தொங்கும் அலுமாரியின் அடித்தட்டில், கதவு சாத்திய இருட்டில் இருந்தது. இரண்டிலும் ஈரப் பஞ்சு, பஞ்சின்மேல் பாசிப்பயறு. வைத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் டீச்சர்.

எழுபதுகளின் முதல் பாதி அது. தெமோதரைக்கு மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு மாதா கோயில், அதை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடம். ஒரே மண்டபம்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை நிற்கும். டீச்சரும் நானும் ஒரே பலகையை மாறி மாறிப் பாவித்தோம். நான் அதிகம் படித்தவனில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவன், கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவன், நாலு பேர் பேசுகிற இடத்தில் காது கொடுத்து நிற்கிறவன். அந்த ஒரு தகுதிக்காகவே ஃபாதர் என்னைச் சின்ன வகுப்புகளுக்குத் தமிழும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார். டீச்சர் பதுளை டவுனில் வளர்ந்தவர். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பம். காலை பஸ்ஸில் வந்து, மேட்டில் மூச்சு வாங்க நடந்து ஏறி, அந்த மூச்சு அடங்கும் முன்னே, “யாராவது உங்க நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு கேட்டுப் பாத்திருக்கீங்களா?” என்று பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலம். பயறு வாங்க டீச்சர் பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போய், ஒரு பிடி போதும் என்று கேட்டிருக்கிறார். அவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “இது கஞ்சிக்கும் காணாதே டீச்சர், வீட்டுல குருவி வளக்கிறீங்களோ?” என்றாராம். பிள்ளைகளுக்குப் பாடம் என்றதும் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார். தோட்டத்தில் அந்தக் கதையே வேறு விதமாகப் பரவியது. திங்கிற பயறைப் பஞ்சில் போட்டு விளையாடுகிறார்கள் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் போனது. டீச்சர் இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்தார். வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக, கரும்பச்சையாக, தடித்த தண்டோடு நின்றது. அலுமாரியில் இருந்தது இரண்டு மடங்கு உயரம். தண்டு வெள்ளை, நுனி மஞ்சள், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எது நல்லா வளர்ந்திருக்கிறது என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே கையாக அலுமாரிப் பயறைக் காட்டியது. ஒரு பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு பெண் பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் கும்மி கொட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

டீச்சர் திகைத்துப்போய்ப் பலகைக்கு இந்தப் பக்கம் என்னை எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முளைப்பாரி பார்த்த பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்? மாரியம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்ட பெண்கள் விரதம் இருந்து, சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, பயறும் நெல்லும் தூவி, வெளிச்சம் படாத மூலையில் மூடி வைத்து வளர்ப்பார்கள். எவ்வளவு உயரமோ, எவ்வளவு மஞ்சளோ, அவ்வளவு நல்லது. கரகத்தோடு அதைத் தலையில் சுமந்து போய் ஆற்றில் விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பச்சை என்றால் அது தோல்வி. இடைவேளையில் இதைச் சொன்னபோது டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் மறுபடி வகுப்புக்குப் போனதும் பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னார். வெளிச்சம்தான் செடிக்குச் சாப்பாடு, இருட்டில் வளர்ந்தது பட்டினி கிடக்கிற நோஞ்சான், மஞ்சள் அதன் நோய்.

முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். நோய் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அப்போது கனம் அதிகம். அவளுடைய தம்பிக்கு, பால்குடி மறக்காத பிள்ளைக்கு, அம்மை போட்டுப் பிழைத்ததே பெரிய காரியமாயிருந்தது. அதற்காகத்தான் அவளுடைய அம்மா முளைப்பாரி நேர்ந்திருந்தாள். அடுப்படி மூலையில், கூடை கவிழ்த்துச் சட்டி இருந்தது. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்தபின் குப்பி விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் தெளிப்பாள். இந்தப் பிள்ளை பகலில் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் மஞ்சள். தம்பியைப் போலவே இதற்கும் சீக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டியைத் தூக்கி லயத்து முற்றத்தில் வெயிலில் வைப்பாள், அம்மா வரும் முன்னே பழையபடி மூடிவிடுவாள். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் எது, பச்சை எது என்று யாருக்குத் தெரியும்? வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் அம்மா கூடையைத் திறந்தாள்.

திங்கட்கிழமை பிள்ளை வரவில்லை. செவ்வாயும் இல்லை. இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். தோட்டத்தில் அப்படி வீட்டில் நிறுத்திய பெண் பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். கைப்பிள்ளை வளர்ந்ததும் இன்னொரு கைப்பிள்ளை வரும், அதற்குப்பின் முதுகில் கொழுந்துக் கூடை வரும். அதோடு, வேதக்காரப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றே அம்மனுக்கு எதிராய்ச் சொல்லிக்கொடுக்கிறது என்ற பேச்சும் லயத்துக்கு லயம் நடந்தது. ஃபாதர் டீச்சரைக் கூப்பிட்டு, போத்தல்களை எடுத்து வைத்துவிடச் சொன்னார். “பயறுக்கு வேதம் கிடையாது டீச்சர். ஆளுங்களுக்கு இருக்கே” என்றார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். டீச்சர் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்று மாலை பஸ்ஸுக்குப் போகாமல் என்னை அழைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடினாள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே வெளியே வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

“எங்க வீட்டு முளைப்பாரிய நோஞ்சான்னு சொன்னீங்களாமே, டீச்சரம்மா?”

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போத்தலில் இருந்ததைத்தான் அப்படிச் சொன்னேன், பிள்ளை அதை இதோடு சேர்த்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை என்றார். அம்மா உள்ளே போய்ச் சட்டியைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தாள். தண்டு வெள்ளையாய் நீண்டு, தலை மட்டும் பச்சையாய், நடுவில் எங்கோ மனம் மாறியதுபோல் நின்றது அந்தப் பயிர்.

“படிச்சவங்க நீங்க. எம்புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லுங்க.”

ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அதுவும் நாலு சொலவடை கலந்து. டீச்சர் அந்தப் பயிரைத் தொட்டுப் பார்த்தார், நிமிர்ந்தார்.

“இது பச்சையானதால தம்பிக்குக் காய்ச்சல் வராதுங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஏன் பச்சையாச்சுன்னும் தெரியும். ஆனா அம்மனுக்கு இது பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவும் கூடாது.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்தில் அவளிடம் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாகத்தான் பேசியிருப்பார்கள். பூசாரி ஒன்று சொல்லியிருப்பார், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ஒன்று சொல்லியிருப்பாள், தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் ஒன்று சொல்லியிருப்பார். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னவர் இவர் ஒருவர்தான் போலும். அவள் உள்ளே போய் இரண்டு கோப்பையில் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லவுமில்லை, அனுப்ப மாட்டேன் என்று சொல்லவுமில்லை. மேட்டில் இறங்கும்போது டீச்சர் என்னிடம், “நான் அந்தப் பிள்ளைய இழந்துட்டேன் போல” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

திருவிழா அன்று நான் போயிருந்தேன். இப்போது பிளாஸ்டிக் பேசினில் முளைப்பாரி சுமந்து போகிறவர்களைப் பார்த்தாலும் அன்றைய ஊர்வலம்தான் எனக்கு முன்னே நடக்கிறது. தலைக்கு மேலே மஞ்சள் மஞ்சளாய் ஆடிக்கொண்டு வந்தன. நடுவில், அந்த அம்மாவின் தலையில், ஒன்று மட்டும் பச்சை. புதிதாய் முளைபோட அவளுக்கு நாள் இருக்கவில்லை. யாரிடமாவது ஒரு பங்கு வாங்கிச் சட்டியை நிரப்பியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. பின்னால் வந்த ஒருத்தி விட்டுவைக்கவில்லை.

“என்னடி, கீரைப்பாத்தியத் தூக்கிட்டு வர்ற?”

“எம்மவ வெயில் காட்டி வளத்தது. அம்மன் கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும், நீ முன்னால பாத்து நட” என்றாள் அவள், சட்டியைப் பிடித்த கை அசையாமல்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்துவிட்டாள். பிள்ளை தாயின் சேலையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஆற்றில் எல்லாச் சட்டியும் கவிழ்ந்தபோது பச்சையும் மஞ்சளும் ஒன்றாகவே மிதந்து வளைவில் மறைந்தன.

அதன்பிறகும் சில நாட்கள் முன்வரிசையில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. டீச்சர் காற்று, தண்ணீர் என்று வேறு பாடங்கள் நடத்தினார். குரல் வழக்கம்போல்தான் இருந்தது, ஆனால் கேள்வி கேட்பது குறைந்துவிட்டதைப் பலகைக்கு இந்தப் பக்கமிருந்தே என்னால் கேட்க முடிந்தது. பிறகு ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில், கொழுந்துக் கூடையோடு அந்த அம்மா மண்டபத்து வாசலில் வந்து நின்றாள். பிள்ளையைக் கையில் பிடித்திருந்தாள். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில், ஆயாவிடம், விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

“ராத்திரி பகல்னு ஒரே கேள்விங்க. என்னால முடியல. நீங்க கெளப்பிவிட்டது, நீங்களே பதில் சொல்லுங்க” என்றவள், பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாய் மேட்டில் இறங்கினாள்.

டீச்சர் அந்தப் பிள்ளையின் முன் குனிந்து, என்ன கேள்வி என்றார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அலுமாரியைப் பார்த்தாள்.

“வெளிச்சந்தான் சாப்பாடுன்னா, பட்டினி கெடந்தது எப்படி டீச்சர் அதைவிட ஒசரமா வளந்துச்சு?”

என் வகுப்பும் பாட்டை நிறுத்திவிட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. டீச்சரின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது, பதுளையிலிருந்து மேடேறி வந்த முதல் நாளில் நான் பார்த்த சிரிப்பு. “எனக்குத் தெரியல. தேடிப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் அவள் சொன்ன சொற்களிலேயே எழுதினார்.

அடுத்த மணி என்னுடையது. சாக்குக்கட்டியும் துணியுமாய்ப் பலகைக்குப் போனேன். முழுவதையும் துடைத்தேன், அந்த ஒரு வரியைத் தவிர. அதற்குக் கீழே கிடைத்த இடத்தில் என் பாட்டை எழுதினேன்.