விளக்குமாறு யார் கையில்

தலைமை ஆசிரியர் வேலையில் பாடம் நடத்தும் நேரம் கொஞ்சம்தான். கூட்டுவது யார், கழுவுவது யார் என்ற பஞ்சாயத்துக்குத்தான் மிச்ச நேரமெல்லாம். அரசுப் பள்ளியில் என்னைப்போல் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் மாற்றலாகிப் போன வருஷத்தில் நடந்தவை இவை. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பையன்களுக்குக் கை இல்லை

முதல் நாள் காலை போய் இறங்கியபோது பெண் பிள்ளைகள் குனிந்து வேப்பஞ்சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓடிவந்து கூட்டி வைத்த குவியலை மிதித்துக் கலைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மறுபடியும் கூட்டினாள்.

பிள்ளைகள் தங்கள் பள்ளியைத் தாங்களே பார்த்துக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பையன்கள் ஏன் கூட்டவில்லை என்று கணக்கு சாரிடம் கேட்டேன். பள்ளியிலேயே மூத்தவர், பதினாறு வருஷமாக அங்கேயே இருப்பவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பொம்பளைப் புள்ளைங்க கூட்டுனாத்தானுங்க மேடம் சுத்தமா இருக்கும். பசங்க கூட்டுனா, அதைக் கூட்டறதுக்கு இன்னொரு ஆள் வேணும்.”

முதல் பீரியடில் வராதவள்

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் நான்தான். முதல் பீரியட். கௌசல்யா என்ற பெண் தினமும் கால் மணி நேரம் பிந்தி வருவாள், சுடிதார் ஓரமெல்லாம் ஈரமாக. இரண்டு தடவை அவளை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒருநாள், பிரேயர் முடிந்ததும் அவள் பின்னாலேயே போனேன். கழிப்பறையில் அவளும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் வாளியில் தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் காலனிப் பிள்ளைகள். இரண்டு வருஷமாக அவர்கள்தானாம்.

அந்தப் பிள்ளையை வெயிலில் நிறுத்தினவள் நான். இரண்டு பேரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு சாரைக் கூப்பிட்டேன், ஏற்பாடு அவருடையது. கௌசல்யாவின் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர், அம்மா நூல் மில்லில் வேலை செய்கிறவர். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்: “அந்த வேலை அவங்களுக்குப் பழக்கப்பட்டதுதானுங்களே மேடம்.”

அம்மா வந்தார்

மறுநாள் கௌசல்யாவின் அம்மாவை வரச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஏன் இத்தனை நாள் நீங்கள் வந்து சொல்லவில்லை என்று, தப்பெல்லாம் அவர் மேல் என்கிற மாதிரி, அதையும் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. “ரெண்டு தடவ வந்தனுங்க டீச்சர். இஷ்டமில்லீன்னா டீ.சி. வாங்கிட்டுப் போங்கன்னாங்க. எனக்கு அவ படிக்கோணுமுங்க.”

காரில் வந்த அப்பா

அன்றைக்கே மாற்றினேன். கழிப்பறைப் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. ஊராட்சியில் மூன்று நாள் போய் உட்கார்ந்து ஒரு பணியாளரைக் கேட்டு வாங்கினேன். அவர் வரும்வரை நானும் இரண்டு ஆசிரியைகளும் கழுவினோம். வகுப்பறை, வாசல், செடி, குடிதண்ணீர்த் தொட்டியடி எல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. பையன், பெண், வாத்தியார் எல்லாருக்கும் முறை உண்டு.

நான்காம் நாள் ஒரு பெரிய தறிப்பட்டறைக்காரர் காரில் வந்து இறங்கினார். அவர் மகன் ஏழாம் வகுப்பு. பையன் கையில் சீமாறைக் கொடுத்தீர்களாமே என்றார். ஆமாம், நன்றாகவே கூட்டினான் என்றேன். வீட்டில் தறியடிப் பஞ்சைக்கூட அவன் கூட்டுவான் என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் என்ன குறை என்று கேட்டேன். சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். அவர் பையனும் கௌசல்யாவும் ஆளுக்கொரு பக்கம் முறத்தைப் பிடித்துக் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “கூட்டட்டுமுங்க டீச்சர், அதுல ஒண்ணுமில்லீங்க. யாருகூடச் சேந்து கூட்டறான்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க?”

நான் பட்டியலை மாற்றவில்லை.

வீடியோ

அடுத்த வாரமே எவரோ மதில்மேல் போனை நீட்டி எடுத்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மாணவர்களைக் கொத்தடிமைகளாக்கும் தலைமை ஆசிரியை என்று தலைப்பு. படத்தில் தறிப்பட்டறைக்காரர் மகன் கூட்டிக்கொண்டிருந்தான். கல்வி அலுவலர் விசாரணைக்கு வந்தார். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கழிப்பறைக் கதையை ஒன்றுவிடாமல், கணக்கு சார் பெயரோடு, எழுதிக் கொடுத்தேன். கடைசியில் கணக்கு சாருக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு தாளிலும் ஒரே வாசகம்.

இரண்டு வருஷம் இரண்டு பெண் பிள்ளைகள் கழிப்பறை கழுவியபோது இந்த விசாரணை எங்கே போயிருந்தது என்று அலுவலரிடம் கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டே சொன்னார்: “அப்போ கம்ப்ளெய்ன்ட் எதுவும் வரலையே மேடம்.”

கணக்கு சாரின் முறை

பட்டியலில் தன் பெயர் வரும் நாளெல்லாம் கணக்கு சார் விடுப்பு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முறையை அடுத்த நாளுக்குத் தள்ளி எழுதினேன். நாலாவது தடவை விடுப்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது, வந்தார். அந்த வாரம் கூட்டுவதை மேற்பார்க்கும் பொறுப்பு கௌசல்யாவிடம். பள்ளியே பார்த்துக்கொண்டிருக்க, அவள் விளக்குமாற்றை நீட்டினாள். வாங்குவாரா என்று எனக்கே நிச்சயமில்லை. என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். ஏழாம் வகுப்பை வாசல்வரை நாலு இழுப்பு இழுத்துவிட்டு விளக்குமாற்றைச் சாத்தப் போனார்.

கௌசல்யா உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை: “சார், பெஞ்சுக்கு அடியில அப்படியே இருக்குதுங்க.”

இந்த வேலையில் நான் பார்த்தவரைக்கும் தூசி ஒன்றுதான் யோக்கியம், யார் கூட்டினாலும் பேசாமல் போய்விடுகிறது.