திராட்சை கட்டிய வாசல்

உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நிற்கிறேன். என் மகள் வேறு சாதியில் மணந்தபோது நான் போகவில்லை. தப்பு என்னுடையதுதான். இன்று அவள் மகளுக்குக் கல்யாணம். அழைத்திருக்கிறாள், உள்ளே போகத்தான் கால் வரவில்லை.

வாசல் வளைவில் பூவுக்குப் பதிலாகப் பன்னீர் திராட்சைக் குலைகள். அலங்காரம் செய்யும் பெண் கட்டக் கட்ட, வருகிறவர்கள் பிய்த்துத் தின்கிறார்கள்.

"ஏலே, தாலி கட்டட்டும், பெறகு திங்கலாம்!" என்று அதட்டியவள் என்னிடம் திரும்புகிறாள். "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடாய்யா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"அப்ப இந்தக் கயித்தப் பிடிங்க. இங்கன சும்மா நிக்கக்கூடாது."

குலைகள் தொங்கும் கயிற்றைப் பிடிக்கிறேன். மகள் வெளியே வருகிறாள். என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"இன்னும் தூக்கிப் பிடிங்கப்பா," என்கிறாள். "மாப்ள நெட்டை, தலையில இடிக்கும்."