இருநூற்று ஐம்பத்தாறு சதவீதம் ஏறிய ஃபைல்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஏ ஷிப்ட்டுக்குப் போனபோது, பம்ப் ஹவுஸ் கன்ட்ரோல் ரூமில் பம்ப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலை காத்திருந்தது. நாற்பத்தொரு கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் சான்றிதழ்களை ஒரே ஃபைலாக்கி, பிரவுசர் வழியாகத் தலைமை அலுவலகப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பெர்மனன்ட் வேலைக்கான நேர்காணல் பட்டியல் அது. கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

சுரங்கத்து ஓரத்தில் இருக்கும் அந்த அறைக்கு இந்த வேலை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் செக்‌ஷனில் நெட் அறுபடாமல் வரும் ஒரே இடம் அதுதான். மேனேஜருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் சாதிச் சான்றிதழ் முதல் பள்ளிக்கூட டிசி வரை எல்லாவற்றையும் மந்தாரக்குப்பம் ஜெராக்ஸ் கடையில் உச்சபட்சத் தரத்தில் கலரில் ஸ்கேன் செய்ய வைத்திருந்தார். ஃபைல் யானைக்குட்டி சைஸுக்கு வந்துவிட்டது. எங்கள் லைனில் அது முழுதாக ஏற ஒன்பது மணி நேரம்போல ஆகும். ஷிப்ட்டோ எட்டு மணி நேரம். வில்லங்கம் இங்கேதான்.

சுருக்கி ஏற்றலாமே என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அன்று எங்கள் யாருக்கும் அது தெரியாது. பிரித்து ஏற்றலாம் என்றால், ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரே ஃபைல்தான் என்று போர்ட்டல் அடம்பிடித்தது.

லாக் புக்கில் நடந்த முன்னேற்றம்

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரிலீவர் வந்ததும் முன் ஷிப்ட்காரர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரில் சார்ஜ் எடுக்க வேண்டும். அடுத்தவன் பெயரில் மிஷின் ஓடக் கூடாது. ஓடி ஏதாவது ஆனால் மெமோ நிச்சயம். பம்ப்புக்கு இது சரி. யார் பெயரில் இருந்தாலும் பம்ப் தண்ணீர் இறைக்கும். கம்ப்யூட்டர் அப்படியில்லை, லாக் அவுட் செய்தால் பாதி ஏறியதும் அழிந்துவிடும் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை மதியம் நான் எண்பத்தேழு சதவீதத்தில் ஒப்படைத்தேன். பி ஷிப்ட்டுக்கு வந்த ஞானசேகரன் முறைப்படி என்னை லாக் அவுட் செய்து, தன் பெயரில் லாகின் செய்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். தொண்ணூற்றொன்றில் அவரைச் சி ஷிப்ட்காரர் லாக் அவுட் செய்தார். சி ஷிப்ட்டில் லைன் கொஞ்சம் மந்தம், எழுபத்தெட்டுதான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வந்து, அவரை லாக் அவுட் செய்து, பூஜ்யத்திலிருந்து புதிதாக ஏற்றத் தொடங்கினேன். அதன் பிறகுதான் லாக் புக்கைப் புரட்டினேன். இத்தனை ஷிப்ட்டிலும் ஒரு காகிதம்கூடச் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. முதல் தவறு என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்து அதே லாக் புக்கைப் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"எண்பத்தேழு, தொண்ணூத்தொண்ணு, எழுபத்தெட்டு. மொத்தம் எரநூத்தி அம்பத்தாறு பர்சென்ட்! அவங்க கேட்டது நூறுதானேய்யா?"

"சார், அதைக் கூட்டக் கூடாது சார். ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோம்."

"அதனால என்ன? உழைப்பு உழைப்புதானே? நான் மேல ரிப்போர்ட் குடுத்துட்டேன். நீ நிறுத்திடு. ரொம்ப ஏத்தி அங்க சர்வர் வழிஞ்சுடப் போவுது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "சார், நீங்க ரிப்போர்ட் குடுங்க, மெடல் வாங்குங்க. நான் நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முறைத்துவிட்டுப் போனார்.

கலியமூர்த்தி

கதவுக்கு வெளியே பெஞ்சில் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். பம்ப் ஹவுஸில் பதினேழு வருடமாகக் கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். நாற்பத்தொரு பேரில் வயது வரம்பை ஒட்டி நின்றவர் அவர் ஒருவர்தான். இந்தப் பட்டியலில் போகவில்லை என்றால் அடுத்த பட்டியல் வருவதற்குள் வயது தாண்டிவிடும். அதோடு பெர்மனன்ட் கனவுக்கு முழுக்கு.

"எவ்ளோங்க சார் ஏறிக்கீது?"

"முப்பத்தி மூணு. வூட்டுக்குப் போய் சாப்பிட்டு வாய்யா."

"சோறு எறங்கல சார். காலையிலேர்ந்து இங்கதான் குந்திக்கினு கீறேன். நாப்பத்தொரு பேரையும் ஒண்ணாக் கட்டி அனுப்புறீங்களே, என்னைத் தனியா வுட்டிருந்தா நடந்தே போய்க் குடுத்துட்டு வந்திருப்பேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்லோடு முடிய எப்படியும் மூன்று மணியைத் தாண்டும். இரண்டு மணிக்கு ஞானசேகரன் வந்து லாக் அவுட் அடித்தால் எல்லாம் போச்சு. மறுபடி ஆரம்பித்து ஐந்துக்குள் முடிக்க வழியே இல்லை.

ஞானசேகரனுக்குப் போன் செய்தேன்.

"ஞானம், இன்னைக்கு என் பேர்லயே ஓடட்டும்ப்பா. நீ லாக் அவுட் பண்ணாத."

"அது மட்டும் முடியாது. போன வருஷம் அடுத்தவன் பேர்ல ஓடின மோட்டாருக்கு நான்தான் மெமோ வாங்கினேன். ரூல் ரூல்தான்."

"அப்ப ரிலீவர் வராம நான் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னும் ரூல் இருக்குல்ல?"

"என்னை லேட்டா வரச் சொல்றியா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்திருக்கேனாய்யா நான்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வராதவர்

சரியாக ஒன்று ஐம்பதுக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். ஞானசேகரன் யூனிஃபார்மில், சாப்பாட்டுப் பையோடு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ரூமைப் பார்த்துவிட்டால் வந்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு மணி ஆனது. நகரவில்லை. இரண்டே காலுக்கு மேனேஜரின் ஜீப் அங்கே நின்றது. அங்கே பேசியதை ஞானசேகரன் பிறகு சொன்னார்.

"என்னய்யா, ஷிப்ட்டுக்குப் போகாம இங்க நிக்கிற?"

"நான் இன்னும் வரலைங்க சார்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எப்ப வருவ?"

"தெரியலைங்க சார். லேட்டாகும் போலிருக்கு."

மேனேஜர் உள்ளே வந்தார். "உன் ரிலீவர் எங்கேய்யா?"

"இன்னும் வரலை சார்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னான்" என்று அவர் குழம்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கிரீனில் தொண்ணூற்றிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எரநூத்தி அம்பத்தாறுன்னு ரிப்போர்ட் குடுத்தேனே, நெஜமாவே ஒண்ணும் போகலையா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஒண்ணும் போகலை சார்."

நான் மவுஸைத் தொடவில்லை. கலியமூர்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வெயிலில் ஞானசேகரன் இன்னும் வராமலேயே நின்றார்.

மூன்று இருபதுக்கு நூறு ஆனது. பச்சை டிக்கும் ஒப்புகை எண்ணும் வந்தன. கலியமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

நான் ஜன்னல் வழியே கையைக் காட்டினேன். ஞானசேகரன் உள்ளே வந்தார். லாக் புக்கை இழுத்துத் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'ஒரு மணி இருபது நிமிடம் தாமதம். காரணம்: சொந்த வேலை.' எழுதி முடித்ததும் என்னை லாக் அவுட் செய்தார்.

மறுநாளே அவருக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டது அதே மேனேஜர்தான். ரூல் ரூல்தானே.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாதியில் ஓடும் வேலையைக் கையில் வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குள்ளே யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். நான் வியாழக்கிழமையே அதை ஞானசேகரனிடம் சொல்லி ஒப்படைத்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

நேர்காணல் முடிந்து, பெர்மனன்ட் ஆர்டர் கையில் கிடைத்த அன்று கலியமூர்த்தி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். முதலில் என்னிடம்தான் நீட்டினார். ஞானசேகரன் எட்டி அந்தப் பாக்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் சும்மா ஏ.சி.யில உக்காந்திருந்தான்யா. வெயில்ல நின்னு மெமோ வாங்கினவன் நான். எனக்குக் குடு முதல்ல."