சம்பந்தி ஊசி போட்டுவிட்டார், ஹாம் வேகவில்லை

ஈஸ்டர் போய் ஒரு வாரமாகிவிட்டது. சமையலறையில் ஓவன் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வந்த முதல் ஈஸ்டர். அவள் மாமனார், அதாவது என் சம்பந்தி, மேலூரிலிருந்து விருந்துக்கு வருகிறார். மனிதருக்குச் சர்க்கரை வியாதி, கூடவே பிரஷர். நானோ ஹாம் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். உப்பேறிய பன்றித் தொடைக்கறி... அதன்மேல் இனிப்புப் பாகு வேறு! அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்?

பயந்து பயந்துதான் செய்தேன். உப்பு இறங்கட்டும் என்று கறியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டேன். பாகுக்குச் சீனி வேண்டாம் — கொஞ்சம் கருப்பட்டி, இருந்த ஒரே ஆரஞ்சின் சாறு, இஞ்சி, மஞ்சள், மிளகு. சீனி டப்பா, ஜாம், பிஸ்கட் எல்லாவற்றையும் மாடிவீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணில் பட்டால்தானே கை போகும்?

சம்பந்தி என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "சாப்பாடு எப்பங்க சம்பந்தியம்மா?" என்றார்.

"இந்தா ஆச்சுண்ணே. இலை போட வேண்டியதுதான்."

ஆகவில்லை. ஹாம் பாதிதான் வெந்திருந்தது. ஆனால் வந்த விருந்தாளியிடம் 'இன்னும் ஆகலை' என்று எந்த மதுரைக்காரி சொல்வாள்? அவர் என் பேச்சை நம்பி, உள்ளே போய் சாப்பாட்டுக்குச் சற்று முன் போடும் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். அது எனக்குத் தெரியாது. சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஹாம் இல்லாமல் எப்படிப் பரிமாறுவது என்று சோற்றையும் குழம்பையும் மூடியே வைத்தேன். வாய் மட்டும் ஓயவில்லை.

நாலாவது 'இந்தா ஆச்சுண்ணே'வுக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"மாமா, ஊசி போட்டீங்களா?" என்றாள் மகள். லேசாகத் தலையாட்டினார்.

"அம்மா, சுகர் எறங்குது. சீனி எடு, சீக்கிரம்!"

சீனிக்கு எங்கே போவேன்? மாடிப்படி பக்கம் ஓடினேன். அதற்குள் மகள் ஹாமுக்கு வைத்திருந்த பாகுக் கிண்ணத்தை வழித்து, ஸ்பூன் ஸ்பூனாக அவர் வாயில் கொடுத்தாள். மிளகு காரத்தில் இருமினார். விழுங்கினார். நான் திரும்பி வந்து பக்கத்தில் நின்று ஜெபம் செய்தேன்.

மெல்ல வியர்வை அடங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"மொதல்ல சோத்தைப் போடுங்கம்மா."

போட்டேன். கரண்ட் வந்து ஹாம் வெந்தபோது அதைத் தொட யாருக்கும் மனசில்லை. அவர் மட்டும் ஒரு துண்டு சாப்பிட்டார், என் முகத்துக்காக.

அவருக்கு எது ஆகாது என்று பத்துப் பேரிடம் விசாரித்தேன். எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவரிடம் கேட்டேனா?

கிளம்பும்போது வாசலில் நின்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"அடுத்த ஈஸ்டருக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்துருங்க சம்பந்தியம்மா. ஒரு மணின்னா ஒரு மணிக்குச் சோறு போட்டுருவோம்."