இழுத்துப் பார்த்த கயிறு

போன தைப் பொங்கலுக்கு எங்கள் பனியன் கம்பெனி முழுசாக ஒரு வாரம் லீவு விட்டது. திருப்பூர் நல்லூரில் குடியிருக்கும் நாங்கள், போகிக்கு முந்தின நாளே மூட்டை முடிச்சோடு குன்னத்தூர் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். கிடாக்கறி, கூட்டாளிகள், காட்டுக்குள் கிரிக்கெட், வேப்பமரத்தடியில் அரட்டை என்று மற்றவர்களுக்கு ஆயிரம் திட்டம். எனக்கு ஒரே திட்டம்தான். அந்த ஒரு வாரத்துக்குள் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிவிட வேண்டும்.

முப்பத்தொன்பது வயதில் இது என்ன கிறுக்கு என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கிணற்றுப் படியில் என் மகள் வழுக்கி விழுந்தபோது நான் நாலே படி மேலே நின்றிருந்தேன். நின்றேன் என்பதுதான் விஷயம். கத்தினேன், கையை உதறினேன், அழுதேன்; குதிக்கவில்லை. தொட்டியருகே துணி துவைத்துக்கொண்டிருந்த என் தம்பி மனைவி ஓடி வந்து, சேலையோடு குதித்துப் பிள்ளையைத் தூக்கினாள். அன்றைக்குப் பிறகு என் மகள் கிணற்று மேட்டைத் தாண்டி ஒரு படிகூட இறங்கியதில்லை. அவளுக்கு இப்போது பத்து வயது. அவள் பயத்தைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு என் மேல்தான் கோபம் வரும்.

அதனால் தம்பி மனைவியிடமே போய்க் கேட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். தண்ணீரில் விட்டால் மீன்தான். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏனுங் நங்கை, நெசமாத்தான் சொல்றீங்களா? பாதீல ஓடீர மாட்டீங்ளே?" என்றாள்.

ஓட மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறைதான்.

அந்த வருஷம் நல்ல மழை. மேலிருந்து பத்துப் படி இறங்கினாலே தண்ணீர். வெயில் கிணற்றுக்குள் விழும் பத்து மணிக்கு ஒரு பட்டாளமே வந்து சேரும். ஆளாளுக்குப் போட்டிருந்தது எல்லாம் சீமைக் கடைகளுக்குப் போயிருக்க வேண்டிய டி-ஷர்ட். கழுத்து கோணல், கை நீளம் என்று நான் தள்ளிவிட்ட பீஸ்கள்தான். பதினாறு வருஷமாக எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. இழுத்துப் பார்ப்பேன், துவைத்துப் பார்ப்பேன், அளந்து பார்ப்பேன். அரை இன்ச் கூடுதலாக இழுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். தையல் லைனில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

முதல் இரண்டு நாள் முதுகில் இரண்டு காலி எண்ணெய் கேனைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன். கையைக் காலை அடித்தேன், ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். ஆனால் மிதந்தேன். தேங்காய்நார்க் கயிறு மட்டும் அக்குளை அறுத்துப் புண்ணாக்கிவிட்டது. மகள் மேலே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில்தான் என் புத்தி வேலை செய்தது. வீடு துடைக்க, வண்டி துடைக்க என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு சாக்கு நிறைய பனியன் வெட்டுத் துண்டு கொண்டுபோவது எங்கள் வழக்கம். திருப்பூர்க்காரர்களுக்குக் கட்டுவதற்கும் அதுதான், துடைப்பதற்கும் அதுதான். அந்தச் சாக்கைக் கவிழ்த்து, நல்ல மெத்தென்ற கழுத்துப்பட்டித் துணியாகப் பொறுக்கி, நாலு பட்டையாகக் கிழித்துக் கேனைக் கட்டிக்கொண்டேன். கயிறே இருக்கட்டும் அக்கா என்று தம்பி சொன்னான். துணியைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா என்று அவன் வாயை அடைத்தேன்.

கிணற்று நடுவுக்குப் போகும் வரை சொர்க்கமாகத்தான் இருந்தது. நனைந்த துணி கனம் தாங்காமல் இழுபட்டது எனக்குத் தெரியவில்லை. முதுகில் இருந்த கேன் இடுப்புக்கு இறங்கியது. அங்கிருந்து இன்னும் கீழே. இடுப்பும் காலும் மேலே மிதக்க, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. எழ முயன்றால் கேனே என்னைக் குப்புறத் தள்ளுகிறது. பச்சைத் தண்ணீரும் என் மூச்சுக் குமிழியும்தான் தெரிந்தன. செத்தோம் என்றே நினைத்தேன். அப்போதுதான் யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பிடியின் வலி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தம்பி மனைவிதான்.

படியில் கிடந்து வாந்தி எடுத்தேன். எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாட்டுக்குப் பொங்கல் வைக்கக் கூப்பிட வந்திருந்த என் பள்ளிக்கூடத் தோழி, பயத்தில் வெளுத்த முகத்தோடே அந்தத் துணியைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். அது ஒரு முழத்திலிருந்து இரண்டு முழமாக நீண்டது. "வருசம் பூரா இழுத்துப் பாக்கற வேல. இத இழுத்துப் பாத்தியா நீ?" என்றாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் என் மகள் நின்றிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. தோழி கையில் நீண்டு தொங்கிய அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், இனிக் கிணற்றுப் பக்கமே வர வேண்டாம் என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். எனக்கும் போதும் போலத்தான் இருந்தது. தம்பி மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"இப்பவே ஒருக்கா எறங்கீருங்க நங்கை. நாளைக்கின்னு வுட்டீங்கன்னா எப்பவும் எறங்க மாட்டீங்க. புள்ளயும் எறங்காது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை எழுப்பியது. வீட்டுக்காரரின் கையை விலக்கிவிட்டுப் பழைய கயிற்றையே எடுத்துப் புண்ணின் மேல் கட்டிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். சுவரை ஒட்டி நாலு தடவை போய்வந்த பிறகுதான் ஏறினேன்.

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண்களெல்லாம் கூடையோடு ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மி தட்டினார்கள். நானும் போனேன், நாலு சுற்றுத் தட்டினேன், நழுவிக் கிணற்றுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு கேனைக் கழற்றினோம். அதற்கடுத்த நாள் இன்னொன்றையும் கழற்றிவிட்டு, தம்பி மனைவியின் உள்ளங்கை வயிற்றுக்குக் கீழே இருக்க, பாதிக் கிணறு போனேன். விருந்துக்கு வந்தவர்கள், கறி ஆறுகிறது என்று மேலே நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி நாள், மத்தியானம் பஸ். காலையிலேயே கிணற்றுக்குப் போய்விட்டோம். தம்பி மனைவி தண்ணீருக்குள் எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாங்க என்று தலையை மட்டும் அசைத்தாள். முதுகில் கேன் இல்லை, அடியில் கை இல்லை. படியை உதைத்துக்கொண்டு புறப்பட்டேன். நடுக்கிணறு வந்ததும் மாட்டுப்பொங்கல் ஞாபகம் வந்தது, ஒரு மடக்குத் தண்ணீரும் உள்ளே போனது. விடமாட்டேன் என்று கையை வீசினேன். விரல் எதிர்ச் சுவரின் கல்லைத் தொட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மகள் பார்த்தாளா என்று மேட்டைத் தேடினேன். அங்கே அவள் இல்லை. தம்பி மனைவி என் தோளைத் தொட்டு, நான் புறப்பட்ட பக்கத்தைக் காட்டினாள்.

தண்ணீர் தொடும் கடைசிப் படியில் என் மகள் நின்றிருந்தாள். கையில் சுருட்டிய தேங்காய்நார்க் கயிறு. அதன் மறு நுனியை மேலே தென்னை மரத்தில் கட்டியிருந்தாள். நான் நீந்திய நேரம் முழுக்க, வீசுவதற்குத் தயாராகக் கையை ஓங்கியபடியே நின்றிருக்கிறாள் என்று தம்பி மனைவி சொன்னாள்.

திரும்பி அவளிடம் நீந்தி வந்து, இது எதற்குக் கண்ணு என்று கேட்டேன்.

"நீ முழுகுனா வீசலாம்னுதாம்மா. இது இழுவாது. நான் இழுத்துப் பாத்துட்டேன்."

அவள் பாதம் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. இரண்டு வருஷமாக இறங்காத பத்துப் படியை எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு, அந்த ஈரப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டோம்.

இப்போதும் கம்பெனியில் ஒரு பீஸைக் கையில் எடுத்து இழுக்கும் போதெல்லாம் அந்தப் படி ஞாபகத்துக்கு வருகிறது: என் பிள்ளை விழுந்த அன்று நான் வெறுங்கையோடு கத்திக்கொண்டு நின்ற அதே கிணற்றில், பத்து வயதுப் பிள்ளை எனக்காகத் தன் பயத்தை மறந்து கயிற்றோடு நின்றாள் என்று நினைக்கும்போது, அந்த வாரம் நீச்சலைவிடப் பெரிய பாடத்தை அவளிடம்தான் படித்தேன் என்று தோன்றுகிறது.