படகுப் பலகையும் ரொட்டிப் பலகையும்

நீலமேகத்துக்கு ராயபுரத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பாய்லர் பட்டறையில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டு அவன் விளக்கிச் சொன்னால், இதற்குக்கூட ஓர் ஆளா என்பார்கள். பாய்லருக்கு வெளியே நிற்பவன் பழுக்கக் காய்ந்த ரிவிட் ஆணியைச் சம்மட்டியால் அடிப்பான். உள்ளே, அந்த இரும்பு வயிற்றுக்குள், ஒருவன் குந்தியிருந்து மறுபக்கத்திலிருந்து கனத்த இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிவிட் பிதுங்கிப்போகும். அந்த உள்ளே இருக்கிற ஆள் நீலமேகம். காலையில் நுழைந்தால் சாப்பாட்டுச் சங்குக்குத்தான் வெளியே தலை தெரியும், அதன் பிறகு மாலைச் சங்குக்கு. காலடிப்பேட்டையில் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதும் சம்மட்டி அவன் மண்டைக்குள் அடித்துக்கொண்டுதான் இருக்கும். ‘காது அடைச்சிகினு கீது’ என்பது பட்டறையில் தினப்படிப் பேச்சு. அதை வியாதி என்று யாரும் நினைத்ததில்லை, தடுமன் மாதிரி வரும் போகும் என்றுதான் இருந்தார்கள்.

சின்னப்பையன் என்பவருக்கு அது வந்தது, போகவில்லை. நீலமேகத்துக்கு முன்னால் பாய்லருக்குள் இருந்தவர் சின்னப்பையன். ஐம்பது வயதுக்குள் டமாரச் செவிடு. டீக்கடையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் பெண்டாட்டியைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசுவார்கள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். நீலமேகமும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தவன்தான். பெண்டாட்டி பட்டம்மாள் சொல்வதற்கு ‘இன்னா? இன்னா?’ என்று இரண்டு தடவை கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு அவனுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடுவானா? ஆம்பிளையாயிற்றே.

பட்டறைக்குப் பின்தெருவில் சௌக்கத் அலி காயலான் கடை வைத்திருந்தார். கப்பல்களில் கழித்துப் போட்ட சாமான் எல்லாம் அவரிடம் வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலமேகம் ஒரு பூட்டு வாங்கப் போனபோது, பாய் தலையில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பட்டணத்துக் கார்ப்பரேஷன் நடத்திய ரேடியோ ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேலைநாளில் சாயங்காலம், ஞாயிறு என்றால் காலையில் மட்டும் பாட்டு வைத்தார்கள். பாய் அந்த ஹெட்போனைக் கழற்றி நீலமேகத்தின் தலையில் மாட்டினார்.

ஒரு ஆண்பிள்ளை பாடினான். நேராகக் காதுக்குள் பாடினான். நடுவில் தெரு இல்லை, வண்டி இல்லை, பட்டறை இல்லை. நீலமேகம் வாங்க வந்த பூட்டை மறந்துவிட்டான்.

“பாய், இத்த நான் வூட்ல செய்ய முடியுமா?”

“ஏன் முடியாது நைனா? ஒரு பலகை, கம்பிச் சுருள் ஒண்ணு, பாட்டைப் புடிக்கிற இந்தக் கல்லு, அதும் மேல தொட்டுகினு நிக்கிற மெல்லிசு கம்பி. பேட்டரி கூட வாணாம். பலகைலதான் சூட்சுமம் கீது” என்றார் சௌக்கத் அலி.

பாய் நாலு விதம் சொன்னார். எபோனைட் என்று கறுப்புப் பலகை ஒன்று உண்டு, கப்பல் ரேடியோவில் அதுதான் இருக்கும், மின்சாரம் துளிகூடக் கசியாது, ஆனால் விலை யானை விலை. சிலேட்டுக் கல்லும் கசியவிடாது. துளை போடும்போது விரிசல் விட்டால் போச்சு. பெட்டி உடைத்த தேவதாருப் பலகை சும்மா கிடைக்கும், மழைக்காலத்தில் வளைந்துகொள்ளும். நன்றாகக் காய்ந்த வீட்டு மரம் எதுவானாலும் மெழுகில் காய்ச்சி எடுத்தால் எபோனைட்டுக்கு அண்ணன் தம்பிதான்.

நீலமேகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். அவன் மனசில் வேறு பலகை முன்பே உட்கார்ந்திருந்தது. ராயபுரம் பக்கத்தில் கதவு போட வேண்டுமா, கட்டில் செய்ய வேண்டுமா, உடைத்த படகின் தேக்குதான் தேடுவார்கள். இருபது முப்பது வருஷம் கடலில் கிடந்த மரம். கரையான் கிட்டே வராது, வெயிலுக்கு வளையாது. அப்பேர்ப்பட்ட மரத்தை விட்டுவிட்டு எவனாவது மெழுகில் கட்டையை வேக வைப்பானா? சரக்குப் படகு உடைக்கிற இடத்தில் சொல்லி வைத்து, ஒரு சாண் அகலப் பலகை வாங்கி வந்தான். இழைப்புளி போட்டதும் அது தேன் நிறத்தில் பளபளத்தது. பட்டம்மாளே கையால் தடவிப் பார்த்தாள்.

பொருத்துகிற முறையிலும் அவன் தொழில் புத்தி விடவில்லை. ‘முதல்ல கம்பியைச் சும்மா முறுக்கி வெச்சிப் பாரு, செரியா வந்தப்புறம் இறுக்கு’ என்று பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீலமேகம் செப்பு ரிவிட் வைத்து ஒவ்வொரு மூட்டையும் பாய்லர் தகடு மாதிரி அறைந்துவிட்டான். சுருளில் நாலு சுற்றுக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தபோது உளியை வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறுபடி அடித்தான், மறுபடி வெட்டினான். மூன்றாம் தரம் பலகை அம்மை வார்த்த முகமாகிவிட்டது. அதற்குப் பிறகு புத்தி வந்து பித்தளைத் திருகாணிக்கு மாறினான். பின்னாளில் காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அவனிடம் செட் கட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பாடம் இதுதான்: யோசனை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கழற்றுகிற மாதிரி கட்டு.

செட் முடிந்தது. தென்னை மரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஏரியல் கம்பி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெட்போனை மாட்டிக் கல்லின்மேல் கம்பியை நகர்த்திக்கொண்டே போனான். எங்கோ ஒரு புள்ளியில் வீணை சத்தம் வந்தது. சன்னமாகத்தான் வந்தது. அவனுக்கு அது போதும்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து ஓடி வந்து மாட்டினான். ஒன்றும் இல்லை. கல்லைத் தடவினான், திருகாணியை முறுக்கினான், ஏரியலை இழுத்துக் கட்டினான். ஒன்றும் இல்லை. செவ்வாய், புதன், எல்லா நாளும் அதே கதை. அடுத்த ஞாயிறு காலையில் மாட்டினால் வீணையும் வாய்ப்பாட்டும் ஒழுங்காக வருகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி மயான அமைதி.

இதில் என்ன கோளாறு என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு பட்டறை மூடிவிடும். ஞாயிறு காலையில் காது ஓய்ந்திருக்கும். மற்ற நாள் சாயங்காலம் சம்மட்டி அடித்து அடித்து மரத்துப்போயிருக்கும். செட்டில் கோளாறு இல்லை, தன் காதில்தான் கோளாறு. அப்படியானால் அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவே இளித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வேறொருவரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதுதான் அவனால் முடியவில்லை. கேட்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால்? பட்டம்மாள் எத்தனையோ தரம் ‘எனக்கும் ஒரு தபா மாட்டி வுடேன்’ என்று கேட்டாள். ‘இன்னும் செரியாவல’ என்று தட்டிக் கழித்தான். தினமும் சாயங்காலம் கேட்காத செட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சோறு ஆறியது.

பட்டம்மாள் திருவொற்றியூர்ச் சந்தையில் கருவாடு விற்கிறவள். வாயும் கையும் சும்மா இருக்காது. ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், கடல்காற்று திரும்பிய நேரம், அவன் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். நீலமேகம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாய்யா இது, ஒரு மண்ணும் கேக்கல?”

“நெசமாவா? நல்லா கேட்டுச் சொல்லு மே!”

“ஒண்ணும் இல்லங்கறேன். இதுக்கா தெனம் தவம் கெடக்குற?”

நீலமேகம் ஹோவென்று சிரித்தான். எழுந்து நின்று சிரித்தான். மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப்போயிற்று. செட்டு கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு இப்படி ஒருவன் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்ததில்லை. பேய் கீய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள்.

பிறகு செட்டை நகர்த்தி வைக்கப் போனவள் கையை எடுத்து விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பலகை பிசுபிசுத்தது.

“இந்தா, இது வேர்த்துகினு கீது பாரு.” விரலை நாக்கில் வைத்தாள். “உப்பு கரிக்குதுய்யா! என் கருவாட்டுக் கூடையும் இப்படித்தான், காலம்பற காய்ஞ்சி கெடக்கும், கடல்காத்து வந்தா நசநசன்னு வேர்க்கும்.”

அவ்வளவுதான் விஷயம். கடலில் ஊறிய மரம் கடலை விடவில்லை. ஞாயிறு காலையில் தரைப்பக்கத்திலிருந்து மேல்காற்று அடிக்கும்போது பலகை காய்ந்து கிடக்கும், பாட்டு வரும். சாயங்காலம் ஈரக்காற்று பட்டதும் உள்ளே இருக்கிற உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஏரியல் பிடித்துத் தருகிற துளி மின்சாரம் ஹெட்போனுக்குப் போகாமல் உப்பு ஈரத்திலேயே பரவி ஒழுகிவிடும். ஊரே மெச்சுகிற படகு மரம், இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவாது.

சௌக்கத் அலி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “படகுல சவாரி போ நைனா, பாட்டு ஏன் கேக்குற?” என்று கேலி செய்துவிட்டு உள்ளே போனவர், வீட்டில் ரொட்டி தேய்க்கிற பழைய பலகையை எடுத்து வந்தார். அவர் பெண்டாட்டி ரசூல் பீவி புதிதாக ஒன்று வாங்கிவிட்டாளாம். வருஷக்கணக்கில் மாவும் எண்ணெயும் பட்டு வழவழத்த மாமரப் பலகை. நீலமேகம் அதைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஒரு தகரத்தில் மெழுகைக் காய்ச்சி, குமிழி அடங்குகிற வரை அதில் போட்டு எடுத்தான். இந்தத் தடவை ரிவிட் இல்லை. எல்லாம் திருகாணி. ஞாயிறு காலை கேட்டுப் பார்த்தான், முன்னைவிடக் கணீரென்று வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் திரும்பி வருவதற்குள் நேரமாகிவிட்டது. ஒரு கப்பல் அவசரம் என்று அன்று கூடுதல் வேலை. வீட்டுக்குள் நுழைந்தால் பட்டம்மாள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கண் அகல விரிந்திருந்தது. கையை நீட்டி, பேசாதே என்று சைகை காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, பலகை காய்ந்திருந்தது, பாட்டு வந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் மனசு குதித்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

சற்று நேரம் அசையாமல் இருந்தான். பிறகு மெதுவாக வலதுகை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. தலையும் ஆடியது. ‘ஆகா’ என்றான்.

பட்டம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல வந்தது, பாட்டு முடிந்துவிட்டது, இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒருத்தர் கும்பிடு சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்பது. ஒருவேளை மறுபடி ஆரம்பித்துவிட்டார்களோ என்று குனிந்து, அவன் தலையோடு தலை வைத்து, ஒரு பக்கத்து ஹெட்போனை லேசாகத் தூக்கித் தன் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே சத்தமே இல்லை. அவன் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான்.

இரண்டு தடவை கேட்கிற ‘இன்னா’வும், கூப்பிட்டால் திரும்பாததும், அன்றைக்கு எழுந்து நின்று சிரித்த சிரிப்பும், கேட்காத பாட்டுக்குப் போடுகிற இந்தத் தாளமும் எல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. பலகையிலும் கோளாறு இருந்தது. அது மட்டும் கோளாறு இல்லை.

“பாட்டு முடிஞ்சி போச்சிய்யா” என்றாள்.

அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் தோளைத் தொட்டாள். கண்ணைத் திறந்தவனின் முகத்துக்கு நேரே நின்று இன்னொரு தரம் சொன்னாள். அவன் அவள் உதட்டையே பார்த்தான். தொடைமேல் கை நின்றது.

ஹெட்போனைக் கழற்றினான். ரொட்டிப் பலகையைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது.

“அப்ப பலகை மேல குத்தம் இல்ல” என்றான்.

“இல்ல” என்று அவள் தலையை அசைத்தாள்.

அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா பாட்டு பாடினாங்க?” என்று கேட்டான். பட்டம்மாள் விளக்கை நடுவே இழுத்து வைத்து, தன் வாய் அவனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.